ரியர் வீல் டிரைவ் செடானுக்கு மாற்று டயர்: அறிகுறியைப் பார்த்துத் தேர்வு செய்வது எப்படி

பவர் அதிகமுள்ள ரியர் வீல் டிரைவ் (இன்ஜின் பின் சக்கரங்களை மட்டும் சுழற்றும்) செடானுக்கு டயர் மாற்றும் நேரம் வந்தால் முதலில் எழும் கேள்வி "எந்த பிராண்ட் நல்லது?" என்பதுதான். அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். இப்போது காரில் இருக்கும் டயர் எப்படித் தேய்ந்திருக்கிறது, ஓட்டும்போது என்ன தொல்லை தருகிறது என்று பார்த்தாலே பாதி முடிவு கிடைத்துவிடும். தொல்லைக்குக் காரணம் டயரே இல்லை என்பதும் சில நேரம் தெரியவரும். அதைக் கவனிக்காமல் உயர்ந்த ரக செட் வாங்கிப் போட்டால், அதே தொல்லை புது ரப்பரில் மறுபடி ஆரம்பிக்கும்.

உங்கள் காருக்குப் பொருந்தும் அறிகுறியை மட்டும் படித்தால் போதும். ஆனால் அடுத்த பகுதியை எல்லோரும் செய்துவிடுங்கள்.

## கழற்றும் முன் குறித்துக்கொள்ள வேண்டியவை

கார் சில மணி நேரம் நின்று டயர் குளிர்ந்த பிறகு நான்கிலும் காற்றை அளந்து எழுதுங்கள். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். உங்கள் காருக்கான அளவு அதில்தான் இருக்கிறது, முன்னுக்கும் பின்னுக்கும் பெரும்பாலும் வேறு வேறு எண்கள். சைடுவாலில் (டயரின் பக்கச் சுவரில்) அச்சாகியிருப்பது அந்த டயருக்கான உச்ச அழுத்தம். அதைப் பார்த்துக் காற்றடிப்பது தப்பு.

அப்புறம் ட்ரெட் (சாலையைத் தொடும் பள்ளமிட்ட பகுதி) ஆழத்தை ஒவ்வொரு டயரிலும் மூன்று இடத்தில் அளக்க வேண்டும்: உள் ஓரம், நடு, வெளி ஓரம். புது டயரில் சுமார் 8 மி.மீ. இருக்கும். பள்ளங்களுக்குள் இருக்கும் தேய்மானக் கட்டை 1.6 மி.மீ. உயரத்தில் இருக்கும். பின் டயரின் உள் ஓரம் நின்ற இடத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாது. மொபைல் கேமராவை டயருக்குப் பின்னால் நீட்டிப் படம் எடுத்துப் பாருங்கள். இதைச் செய்யாதவர்கள்தான் கம்பி வெளியே வந்த பிறகு கண்டுபிடிக்கிறார்கள்.

சைடுவாலில் உள்ள எண்களையும் எழுதிக்கொள்ளுங்கள். 225/45 ஆர்18 95ஒய் என்றிருந்தால்: அகலம் 225 மி.மீ., சைடுவால் உயரம் அந்த அகலத்தில் 45 சதவீதம், ரிம் 18 அங்குலம், 95 என்பது ஒரு டயர் 690 கிலோ தாங்கும் என்ற குறியீடு, ஒய் என்பது மணிக்கு 300 கி.மீ. வரையிலான வேகக் குறி. டபிள்யூ என்றால் 270, வி என்றால் 240. தயாரித்த தேதி, டாட் என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கம்: 2323 என்றால் 2023-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். இந்த நான்கு இலக்கம் டயரின் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கலாம். வெளிப்பக்கம் காணவில்லை என்றால் உட்பக்கம் தேடுங்கள்.

## பின் டயர்களில் உள் ஓரம் மட்டும் மொட்டையாகிவிட்டது

இந்த வகைக் கார்களில் அதிகம் வரும் புகார் இதுதான். ஓட்டுபவர் மேல் பழி போடுவதும் இதில்தான் அதிகம்: "நீங்க வேகமா எடுக்கறீங்க, அதான்." வேகமாக எடுத்தால் பின் டயர் முழு அகலத்திலும் சீக்கிரம் தேயும். உள் ஓரம் மட்டும் தேய்வதற்குக் காரணம் வேறு.

பெர்ஃபார்மன்ஸ் செடான்களில் பின் சக்கரங்களின் மேல் பகுதி கம்பெனியிலேயே உள்பக்கம் சற்றுச் சாய்ந்திருக்கும். மைனஸ் ஒன்றரை, இரண்டு டிகிரி கேம்பர் என்பது சாதாரணம். திருப்பத்தில் பிடிமானத்துக்காக அப்படி வைக்கிறார்கள். இந்தச் சாய்வு மட்டும் இருந்தால் டயர் மெதுவாகத்தான் ஓரம் தேயும். கூடவே டோ கோணமும் (சக்கரத்தின் முன்பகுதி உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) கெட்டிருந்தால்தான் விபரீதம். சக்கரம் நேராக உருளாமல் கொஞ்சம் பக்கவாட்டில் உரசிக்கொண்டே போகும். எடை அழுந்தியிருக்கும் உள் ஓரம்தான் அந்த உரசலை முழுக்க வாங்கும்.

கையாலேயே சோதிக்கலாம். டயரின் மேல் உள்ளங்கையை வைத்து உள்ளிருந்து வெளியே ஒருமுறை, வெளியிலிருந்து உள்ளே ஒருமுறை தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறு திசையில் ரம்பப் பல் போலக் குத்துவதாகவும் இருந்தால் டோ தான் குற்றவாளி. இரு திசையிலும் வழுவழுப்பாக, ஆனால் ஓரம் மட்டும் தாழ்ந்திருந்தால் கேம்பர்.

செய்ய வேண்டியது இந்த வரிசையில்:

1. முதலில் பின் சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ்களையும் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஆர்ம்களையும் பார்க்கச் சொல்லுங்கள். ரப்பர் தளர்ந்திருந்தால் அலைன்மென்ட் மெஷினில் நிற்கும்போது எண்கள் பச்சையாகவே, அதாவது சரியாகவே இருக்கும். ஆக்ஸிலரேட்டரை மிதித்து இழுவை விழும்போது சக்கரம் திரும்பிக்கொள்ளும்.
2. ஸ்பிரிங் மாற்றிக் காரைத் தாழ்த்தியிருந்தால் கேம்பர் கூடியிருக்கும். பல கார்களில் சரிசெய்ய இடம் போதாது. சரிசெய்யக்கூடிய ஆர்ம் வாங்க வேண்டியிருக்கும்.
3. புது டயரைப் போட்டவுடன், அன்றைக்கே, நான்கு சக்கர அலைன்மென்ட். முன் சக்கரம் மட்டும் பார்க்கும் அலைன்மென்ட் இந்தக் காருக்கு அரைகுறை வேலை. முன், பின் இரண்டு அளவுகளும் அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்குங்கள்.

டயர் தேர்வில் இதனால் என்ன மாறும்? கேம்பரைக் குறைக்கவே முடியாது என்ற நிலை வந்தால், ஒரே திசையில் மட்டும் உருள வேண்டிய, அம்புக்குறி போட்ட டைரக்‌ஷனல் டயருக்கு ஒரு வசதி இருக்கிறது. பாதி ஆயுளில் ரிம்மிலிருந்து கழற்றி, இடது டயரை வலது ரிம்மிலும் வலது டயரை இடது ரிம்மிலும் மாட்டினால் சுழலும் திசை மாறாமல் உள் ஓரம் வெளியே வந்துவிடும். 'அவுட்சைட்' என்று எழுதிய, உள்ளும் வெளியும் வேறு வடிவமுள்ள அசிமெட்ரிக் டயரில் இது நடக்காது.

## நடு மட்டும், அல்லது இரு தோள்களும் தேய்ந்திருக்கின்றன

நடு தேய்ந்தால் காற்று அதிகம். இரு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. ஒரு விதிவிலக்கு: ரிம் அகலத்துக்குப் பொருந்தாத அகல டயரைக் குறுகிய ரிம்மில் மாட்டினால், காற்று சரியாக இருந்தாலும் நடு புடைத்துத் தேயும். 225/45-க்கு 7 முதல் 8.5 அங்குல ரிம், 255/40-க்கு 8.5 முதல் 10 அங்குல ரிம் என்பது ஏற்ற வரம்பு. அடுத்த முறை அளவைக் கூட்ட ஆசைப்படும்போது ரிம்மின் அகலத்தையும் பாருங்கள்.

## ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் பின்பக்கம் நழுவுகிறது

எப்போது நழுவுகிறது என்பதில்தான் விடை இருக்கிறது.

ஈரத்தில், குறைந்த வேகத்திலேயே: ட்ரெட் ஆழம் இருந்தும் இப்படி என்றால் ரப்பர் இறுகிவிட்டது. தேதியைப் பாருங்கள், ஆறு வயது தாண்டியிருக்கும். அல்லது நீண்ட ஆயுளுக்காகத் தயாரித்த கடினக் கலவையாக இருக்கும். சைடுவாலில் உள்ள ட்ரெட்வேர் எண்ணை (தேய்மானத்தைத் தாங்கும் அளவு) ஒரு குறிப்பாக எடுத்துக்கொள்ளலாம். 200 என்றால் ரேஸ் டிராக்கை நோக்கிய மென் ரகம், 300-ஐ ஒட்டியவை சாலைக்கான வேக ரகம், 500-க்கு மேல் போனால் ஆயுள்தான் முதல் நோக்கம். ஆனால் இந்த எண்ணை அந்தந்த கம்பெனியே தன் டயருக்கு இட்டுக்கொள்கிறது. ஒரு கம்பெனியின் இரண்டு டயர்களை ஒப்பிட உதவும், இரண்டு கம்பெனிகளை ஒப்பிட அவ்வளவாக உதவாது. கூடவே இருக்கும் ஏஏ, ஏ, பி, சி என்ற டிராக்‌ஷன் எழுத்து, ஈரத்தில் நேர்க்கோட்டில் பிரேக் பிடிப்பதை மட்டுமே சொல்கிறது. திருப்பத்தைப் பற்றி அது பேசுவதில்லை. ஐரோப்பிய லேபிள் கிடைத்தால் ஈரப்பிடிப்புக்கு 'ஏ' வாங்கியதைத் தேடுங்கள். 2021 மே முதல் அங்கே ஏ முதல் ஈ வரை ஐந்து படிகள்.

தேங்கிய நீரில், அதிக வேகத்தில்: இது மிதப்பு, அதாவது டயர் சாலையைத் தொடாமல் நீரின் மேல் சறுக்குவது. ரப்பர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பள்ளம் இல்லையென்றால் நீர் வெளியேறாது. அகல டயர் இதில் சீக்கிரம் மிதக்கும். 1.6 மி.மீ. என்பது பல நாடுகளில் சட்டத்தின் எல்லை. மழையில் ஓட்டுபவருக்கு, அதுவும் 255 அகலப் பின் டயர் உள்ளவருக்கு, 3 மி.மீ.யிலேயே மாற்றிவிடுங்கள் என்பேன்.

குளிரில் மட்டும்: சம்மர் டயர் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறுகத் தொடங்கும். டயரில் குறை எதுவும் இல்லை. அங்கே அது பொருந்தாத டயர், அவ்வளவுதான். லேசான குளிர் என்றால் ஆல் சீசன், பனி விழும் இடம் என்றால் மலையும் பனித்துகளும் வரைந்த குறி உள்ள டயர்.

புது டயர் போட்ட முதல் வாரம்: புது டயரின் மேற்பரப்பு வழுவழுப்பாக இருக்கும், டயரை வார்க்கும் அச்சிலிருந்து பிரிய உதவும் பொருளும் ஒட்டியிருக்கலாம். முதல் சில நூறு கிலோமீட்டர் அடக்கி ஓட்டினால் சரியாகிவிடும்.

இரண்டு டயர் மட்டும் மாற்றிய பிறகு: புதியவை எங்கே போயின? முன்னால் போட்டிருந்தால் உடனே பின்னுக்கு மாற்றுங்கள், நான்கும் ஒரே அளவாக இருக்கும் பட்சத்தில். முன்பக்கம் ஈரத்தில் நழுவினால் கார் நேராகப் போகும், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். பின்பக்கம் நழுவினால் கார் சுழலும். முன் பின் வேறு அளவு என்றால் மாற்ற வழியில்லை. பின்னால் உள்ளவை தேய்ந்திருந்தால் அவற்றையும் வாங்கியாக வேண்டும்.

ஒரே ஒரு பின் டயரை மட்டும் மாற்றுவதைப் பற்றி: முடிந்தவரை வேண்டாம். லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல் (இரு பின் சக்கரங்களின் வேக வித்தியாசத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பு) உள்ள காரில் இடதும் வலதும் வேறு விட்டமாக இருந்தால், நேர்ச்சாலையில்கூட அது ஓயாமல் வேலை செய்து உள்ளே தேயும். பஞ்சராகிக் கெட்டது ஒன்றுதான் என்றாலும், அடுத்தது பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் ஜோடியாக மாற்றுங்கள்.

## திருப்பத்தில் முன்பக்கம் வெளியே தள்ளுகிறது, ஸ்டீயரிங் சோம்பலாக இருக்கிறது

காற்று சரி, அலைன்மென்ட் சரி என்றால் மூன்று சாத்தியங்கள். பின்னால் பிடிமானம் அதிகமான டயரும் முன்னால் சாதாரண டயரும் கலந்திருக்கலாம். நான்கும் ஒரே மாடலாக இருப்பது இந்தக் காருக்கு ஆடம்பரம் அல்ல. இரண்டாவது, சொகுசுக்கான டயரை வாங்கியிருக்கலாம். சைடுவால் மென்மையாக இருந்தால் ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் கார் ஒரு கணம் யோசிக்கும். மூன்றாவது, புது ட்ரெட்டின் உயரமான கட்டைகள் நெளிவது. இது தேயத் தேயக் குறையும், பொறுமைதான் மருந்து.

சிலர் இந்தத் தொல்லைக்காகவே நான்கு பக்கமும் ஒரே அளவுக்கு மாறுகிறார்கள், 245/40 ஆர்18 போல. அதற்கு 8 முதல் 9.5 அங்குல ரிம் வேண்டும். முன் பிடிமானம் கூடும், டயர்களை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டு ஆயுளையும் நீட்டலாம். பவர் எல்லை மீறாத காருக்கு எனக்கும் இதுதான் பிடிக்கும். ஆனால் பின்னால் 255-ஐயே திணறடிக்கும் இன்ஜின் என்றால் அகலத்தைக் குறைக்காதீர்கள்.

எடைக் குறியீட்டைக் குறைத்து வாங்கியிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். 95 இருந்த இடத்தில் 91 போட்டால் ஒரு டயருக்கு 75 கிலோ குறைகிறது. மேலும், எக்ஸ்எல் (கூடுதல் எடை தாங்கும் ரகம்) என்று எழுதிய டயருக்கு அந்தக் கூடுதல் எடையைத் தாங்கக் கூடுதல் காற்று வேண்டும். சாதாரண டயருக்கு 250 கிலோபாஸ்கலில் உச்ச எடை என்றால் எக்ஸ்எல்-க்கு 290. ஸ்டிக்கரில் எந்த வகைக்கு எந்த அளவு சொல்லியிருக்கிறது என்று பார்த்து அடியுங்கள்.

## டயர் மாற்றியதும் டிராக்‌ஷன் அல்லது ஏபிஎஸ் விளக்கு எரிகிறது

முதலில் எளியது: டயர் பிரஷர் அமைப்பை மெனுவில் ரீசெட் செய்யுங்கள். சில கார்களில் சென்சார் கிடையாது, சக்கரம் சுழலும் வேகத்தை வைத்தே காற்று குறைந்ததைக் கணக்கிடும். புது டயருக்கு அது புதிதாகப் பழக வேண்டும். சென்சார் உள்ள கார் என்றால், கழற்றும்போது உடைந்திருக்கலாம், அல்லது உள்ளே உள்ள பேட்டரி தீர்ந்திருக்கலாம். ஐந்து முதல் பத்து வருடம்தான் அதன் ஆயுள்.

விளக்கு போகவில்லையா? விட்டத்தைக் கணக்கிடுங்கள். ரிம் அங்குலத்தை 25.4-ஆல் பெருக்கி, அகலம் பெருக்கல் சைடுவால் சதவீதத்தின் இரண்டு மடங்கைக் கூட்டினால் விட்டம் மி.மீ.யில் வரும்.

முன்னால் 225/45 ஆர்18: 457.2 கூட்டல் 202.5, மொத்தம் 659.7.
பின்னால் 255/40 ஆர்18: 457.2 கூட்டல் 204, மொத்தம் 661.2.

வித்தியாசம் ஒன்றரை மி.மீ. தான். இப்போது கடையில் 255/40 இல்லை என்று 255/35 மாட்டியிருந்தால் பின் விட்டம் 635.7 ஆகிவிடும், முன்னதைவிட 3.6 சதவீதம் குறைவு. பின் சக்கரம் எப்போதும் முன்னதைவிட வேகமாகச் சுழலும். கம்ப்யூட்டருக்கு அது டயர் வழுக்குவதாகவே தெரியும், பவரைக் குறைக்கும். காரில் தப்பே இல்லை, அளவில்தான் தப்பு. கம்பெனி வைத்த முன் பின் விகிதத்திலிருந்து ஒரு சதவீதத்துக்குள் இருக்கும்படி பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் தொல்லை வராது. ஒரே அளவு எழுதிய இரண்டு பிராண்ட்களின் உண்மை விட்டமும் சில மி.மீ. வேறுபடலாம். முன்னும் பின்னும் ஒரே மாடல் வேண்டும் என்பதற்கு இது இன்னொரு காரணம்.

## நடுக்கம்

மணிக்கு 80 முதல் 110 கி.மீ.யில் ஸ்டீயரிங் நடுங்கினால் முன் சக்கரம், சீட் நடுங்கினால் பின் சக்கரம். பேலன்சிங் செய்யுங்கள். போகவில்லை என்றால், உருளையால் அழுத்தி டயரின் விறைப்பு மாறுபாட்டை அளக்கும் ரோட் ஃபோர்ஸ் மெஷின் உள்ள இடத்துக்குப் போங்கள். கம்பெனி ரிம் இல்லாமல் வெளியே வாங்கிய ரிம் என்றால் நடுத் துளைக்கும் ஹப்புக்கும் இடையே வளையம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்கினால் டிஸ்க்.

ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் நடுங்கினால் டயர் வாங்க ஓடாதீர்கள். ரியர் வீல் டிரைவ் காரில் இன்ஜினிலிருந்து பின்னால் போகும் நீள ஷாஃப்ட்டின் ரப்பர் கப்ளிங், நடு பேரிங், யூனிவர்சல் ஜாயின்ட் ஆகியவை இதே மாதிரி நடுக்கம் தரும். யாருமில்லாத நேர்ச்சாலையில் அந்த வேகத்தில் காலை எடுத்துப் பாருங்கள். நடுக்கம் உடனே நின்றால் ஷாஃப்ட் பக்கம் சந்தேகப்படுங்கள், தொடர்ந்தால் சக்கரம்.

பல வாரம் நின்ற காரை எடுத்த முதல் சில கிலோமீட்டர் மட்டும் தடதடத்தால் அது நின்ற இடத்தில் டயர் தட்டையானது. சூடானதும் போய்விடும்.

## ஒரு பக்கம் இழுக்கிறது

முன் டயர் இரண்டையும் இடம் மாற்றுங்கள். இழுக்கும் திசை மாறினால் டயர்தான். தயாரிப்பில் உள் பெல்ட் சற்று விலகினாலும் டயர் லேசான கூம்பாக உருளும். வாங்கிய இடத்தில் காட்டி மாற்றித் தரக் கேட்கலாம். திசை மாறாவிட்டால் அலைன்மென்ட், அல்லது ஒட்டிக்கொண்ட பிரேக். டைரக்‌ஷனல் டயரைச் சக்கரத்தோடு இடம் மாற்றினால் அம்புக்குறி பின்னோக்கி உருளும், அதனால் இந்தச் சோதனை அதற்குப் பொருந்தாது.

## இரைச்சலும் குலுக்கலும்

வேகத்தோடு ஏறும் 'உம்' என்ற சத்தம் திருப்பத்தில் கூடிக் குறைந்தால் வீல் பேரிங். திருப்பத்தில் மாறாமல் சாலையின் மேற்பரப்புக்கு ஏற்ப மட்டும் மாறினால் டயர். ட்ரெட்டில் ஆங்காங்கே குழி விழுந்திருந்தால் ஷாக் அப்சார்பரைப் பாருங்கள், இல்லையேல் புதிதும் அப்படியே ஆகும்.

குலுக்கல்தான் தொல்லை, காரும் ரன்ஃப்ளாட் டயரோடு வந்தது என்றால், சாதாரண டயருக்கு மாறும் ஆசை நியாயமானதே. காற்றில்லாமலேயே காரைத் தாங்கும் சைடுவால் விறைப்பாகத்தானே இருக்கும். மாறினால் நான்கையும் சேர்த்து மாற்றுங்கள். ஆனால் அந்தக் காரில் ஸ்டெப்னியே இருக்காது, வைக்க இடமும் இருக்காது. பஞ்சரானால் பெரும்பாலும் 80 கி.மீ. வேகத்தில் 80 கி.மீ. தூரம் ஓடும் வசதி போய்விடும். அடைக்கும் திரவமும் காற்றடிக்கும் பம்ப்பும் வாங்கி வைக்க வேண்டும், அது ட்ரெட்டில் விழும் சிறு ஓட்டைக்கு மட்டுமே உதவும். இரவில் தனியாக நீண்ட தூரம் போகிறவர் யோசித்துத்தான் மாற வேண்டும்.

சைடுவாலில் பிஎம்டபிள்யூவுக்கு நட்சத்திரம், மெர்சிடிஸுக்கு எம்ஓ என்று இருக்கும் குறிகள், அந்தக் காருக்கென்று சரிபார்த்த வடிவம் என்பதைச் சொல்கின்றன. கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் அதற்காக இரண்டு வருடப் பழைய டயரை வாங்க வேண்டியதில்லை. குறி உள்ளதும் இல்லாததும் ஒரே ஆக்ஸிலில் (முன் ஜோடிக்குள்ளோ பின் ஜோடிக்குள்ளோ) கலக்காமல் இருந்தால் போதும்.

## வீக்கம், வெடிப்பு

சைடுவாலில் முட்டை அளவு வீக்கம் தெரிந்தால் உள்ளே இழைகள் அறுந்துவிட்டன. ஒட்டு, பேட்ச் எதுவும் கிடையாது, அந்த டயரில் வேகமாகப் போகவும் கூடாது. 35, 30 சைடுவால் டயர்களில் பள்ளத்தில் இறங்கிய பிறகு இது அடிக்கடி வரும். மறுபடி மறுபடி வந்தால், கம்பெனி அனுமதிக்கும் ஒரு அங்குலம் சிறிய ரிம்முக்கு இறங்கி உயரமான சைடுவால் வாங்குவதே நிரந்தரத் தீர்வு. பெரிய பிரேக் உள்ள மாடலில் சிறிய ரிம் உட்காருமா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

மெல்லிய வெடிப்புகள் வயதின் அடையாளம். ட்ரெட் எவ்வளவு மீதி இருந்தாலும் பத்து வயதைத் தாண்டிய டயரை ஓட்டாதீர்கள்.

## கடையில் மாட்டும்போது

தேதியைப் பார்த்த பிறகே மாட்டச் சொல்லுங்கள். ஜோடிக்குள் தேதி சில வாரம் முன்பின் இருந்தால் பரவாயில்லை. 'அவுட்சைட்' வெளியே இருக்கிறதா, அம்புக்குறி முன்னோக்கி உருளுகிறதா என்று காரைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். அவசரத்தில் மாறிப் போவது உண்டு. வீல் போல்ட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் இறுக்கி விட்டுவிடாமல், டார்க் ரெஞ்ச்சால் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்கச் சொல்லுங்கள். 80, 100 கி.மீ. ஓடிய பிறகு அதே அளவில் இன்னொரு முறை சரிபார்த்துவிடுங்கள்.